சிறு குழந்தையைச் சைக்கிளில் ஏற்றிச் செல்வது எப்படி: மட்டக்களப்பு, அம்பாறைப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

மட்டக்களப்பிலும் அம்பாறையின் கரையோர ஊர்களிலும் நிலம் பெரும்பாலும் ஏற்ற இறக்கமின்றிச் சமதரையாகக் கிடப்பதால், எத்தனை மோட்டார் சைக்கிள்கள் வந்த பின்னும் துவிச்சக்கர வண்டி பல வீடுகளில் அன்றாட வாகனமாகவே இருந்துவருகிறது. தடுப்பூசிக்காகக் கிளினிக்குக்குப் போவதும், வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவதும், பெருநாளன்று உறவினர் வீடுகளுக்குப் போவதும் பலருக்குக் குழந்தையோடு சைக்கிளில்தான் நடக்கின்றன. தகப்பன் மிதிக்க, தாய் பின் கரியரில் ஒருபக்கமாக அமர்ந்து, துவாயால் சுற்றிய குழந்தையை ஒரு கையால் அணைத்தபடி மறு கையால் சீட்டைப் பற்றிக்கொண்டு செல்வதை எந்த ஒழுங்கையிலும் காணலாம். அவ்வாறு செல்லும் தாய்க்குக் குழந்தைமேல் அக்கறை இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. ஆனால் சைக்கிள் திடீரெனச் சரியும்போது மனிதக் கை தன்னையறியாமலே நிலத்தை ஊன்றப் போகிறது. அந்த ஒரு கணத்தில், எட்டு ஒன்பது கிலோ எடையுள்ள பிள்ளையை எவ்வளவு அன்புள்ள கையாலும் பிடித்து வைத்திருக்க முடியாது.

ஆகவே இந்த வழிகாட்டி முழுவதற்கும் அடிப்படையான ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வண்டியில் குழந்தையின் பாதுகாப்பு எவருடைய கைப்பிடியையும் நம்பியதாக இருக்கக் கூடாது. வண்டியோடு இறுகப் பொருத்திய இருக்கை, அதன் பட்டி, பாதங்களுக்கான மறைப்பு, தலைக்கவசம் ஆகிய நான்கும் சேர்ந்தே குழந்தையைத் தாங்க வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் அன்றைய பயணத்தை வேறு வழியில் செய்வதே சரி.

ஒரு வயது நிறையும்வரை பொறுத்திருங்கள்

ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தையை எந்த விதத்திலும் சைக்கிளில் ஏற்ற வேண்டாம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் சொல்லும் அறிவுரையும் இதுவே. காரணம் குழந்தையின் உடலமைப்பில் இருக்கிறது. வளர்ந்தவரின் தலை அவருடைய உயரத்தில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு. பிறந்த குழந்தையின் தலையோ உடல் நீளத்தில் நான்கில் ஒரு பங்கு. அவ்வளவு பாரமான தலையைத் தாங்கும் கழுத்துத் தசைகள் முதல் ஆண்டில் இன்னும் உரம் பெறவில்லை. கிரவல் வீதியின் ஒவ்வொரு குழியிலும் தலை முன்னும் பின்னும் ஆடும்போது அந்த ஆட்டத்தை அடக்குவதற்கு அந்தக் கழுத்துக்கு வலு கிடையாது. தலைக்கவசம் அணிவித்தால் சரியாகிவிடும் என்று எண்ணுவதும் தவறு. கவசத்தின் எடையும் அதே கழுத்தின் மேல்தான் ஏறுகிறது.

பின் இருக்கைகளுக்கான ஐரோப்பியத் தர விதியான ஈஎன் 14344, ஒன்பது கிலோ எடையிலிருந்து பிள்ளையை ஏற்றலாம் என வகுத்திருப்பதால், சில உற்பத்தியாளர்கள் ஒன்பது மாதம் என்றே இருக்கையில் அச்சிடுகிறார்கள். நம்முடைய வீதிகளையும் வெயிலையும் எண்ணிப் பார்க்கையில், முழுமையாக ஒரு வயது நிறையட்டும் என்பதே என் உறுதியான கருத்து. குறைமாதத்தில் பிறந்த குழந்தையாயின், பிறந்த நாளிலிருந்து எண்ணாமல், பிரசவத்துக்குக் குறிக்கப்பட்டிருந்த திகதியிலிருந்து எண்ணுங்கள். அத்தோடு உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். குழந்தையின் எடையையும் வளர்ச்சியையும் மாதந்தோறும் பதிந்துவருபவர் என்பதால் அவர் சொல்வதில் ஆதாரம் இருக்கும்.

வயது நிறைந்ததும் வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். பிள்ளையை எந்தச் சாய்மானமும் இன்றித் தரையில் அமர்த்தித் தலைக்கவசத்தை அணிவித்து, சற்று நேரம் விளையாட விடுங்கள். தலையை இடமும் வலமும் இலகுவாகத் திருப்பி, நிமிர்ந்தே இருந்தால் பிள்ளை ஆயத்தம். நாடி மார்பில் சாய்கிறது, அல்லது ஒருபக்கம் சரிகிறது என்றால் இன்னும் ஓரிரு மாதம் செல்லட்டும்.

அதுவரை என்ன செய்வது என்று கேட்பது நியாயமே. ஆட்டோவுக்குக் காசு தேடுவது எல்லா வீட்டுக்கும் இலகுவல்ல. கிளினிக் நாள் அயலில் உள்ள தாய்மாருக்கும் பெரும்பாலும் ஒன்றாகவே அமைவதால், இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஓர் ஆட்டோ பிடித்துக் கூலியைப் பகிர்ந்துகொள்ளலாம். அருகிலுள்ள இடமாயின் பையையும் குடையையும் சைக்கிளில் கட்டி ஒருவர் உருட்டிக்கொண்டு வர, மற்றவர் குழந்தையைத் தூக்கி நடக்கலாம். துணித்தொட்டிலிலோ நெஞ்சோடு கட்டும் பையிலோ குழந்தையை வைத்துக்கொண்டு மிதிப்பதை மட்டும் செய்யாதீர்கள். ஓட்டுபவர் முன்பக்கம் விழுந்தால் அவருடைய முழு எடையும் குழந்தையின் மேல்தான் இறங்கும். சேலைத் துண்டால் முதுகோடு கட்டிக்கொள்வதும், முன் பாரில் துவாய் மடித்துப் போட்டு அமர்த்துவதும் இதே அளவுக்கு ஆபத்தானவை.

இருக்கையைத் தெரிவு செய்தல்

முன் ஹேண்டிலுக்கு அருகே பொருத்தும் இருக்கை, பின் கரியரில் பொருத்தும் இருக்கை என இரண்டு வகை உண்டு. முன் இருக்கையில் பிள்ளை கண்ணெதிரே இருக்கும் என்பது ஒரு நன்மை. ஆனால் அது பதினைந்து கிலோவுக்கு மேல் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல; ஹேண்டிலைத் திருப்புவதும் கடினமாகும்; விழும்போது ஓட்டுபவர் பிள்ளையின் மேல் விழும் வாய்ப்பும் அதிகம். பின் இருக்கை இருபத்திரண்டு கிலோ வரை தாங்கும், ஓட்டுபவரின் முதுகு எதிர்காற்றையும் தூசியையும் மறைக்கும். நான் பின் இருக்கையையே பரிந்துரைக்கிறேன். பிள்ளையைப் பார்ப்பதற்கு ஹேண்டிலில் ஒரு சிறு கண்ணாடி பொருத்திக்கொண்டால் போதும்.

நல்ல இருக்கையின் முதுகுப்புறம் பிள்ளையின் தலை உச்சிக்குச் சமமாகவாவது உயர்ந்திருக்கும். இருபக்கமும் தோள்வரை மறைப்பு இருக்கும். இரு தோள், இரு இடுப்பு, கால்களுக்கு நடுவே ஒன்று என ஐந்து பட்டிகள் ஒரே பூட்டில் சேரும். அந்தப் பூட்டைப் பிள்ளையின் விரல்களால் திறக்க முடியாது. பாதம் வைக்கும் தட்டுகளில் பாதத்தைக் கட்டும் வார் இருக்கும். இடுப்புக்கு மட்டும் ஒரு பட்டி உள்ள இருக்கையில் பிள்ளை முன்னால் மடிந்து விழும், அல்லது கீழே வழுகி இறங்கும். அதனை வாங்க வேண்டாம்.

இத்தகைய இருக்கை நம்முடைய ஊர்க் கடைகளில் எப்போதும் கிடைப்பதில்லை. அதனால் பலர் வெல்டிங் கடையில் இரும்புக் கம்பியால் ஒன்றைச் செய்விக்கிறார்கள். தரச் சோதனைக்கு உட்பட்ட இருக்கைக்கு அது ஈடாகாது. கிடைக்கும் என்றால் தர எண் அச்சிட்ட இருக்கைக்காகக் காத்திருங்கள். கொழும்பில் இருக்கும் உறவினரிடம் சொல்லி வைத்தாவது எடுப்பியுங்கள். வேறு வழியின்றிச் செய்விப்பதாயின், மேலே சொன்ன உயரம், பக்க மறைப்பு, ஐந்து பட்டிகள், பாதத் தட்டு ஆகிய எதனையும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒட்டிய இடங்களைக் கையால் தடவிப் பார்த்துக் கூர் இருந்தால் அரத்தால் தேய்ப்பியுங்கள். பிள்ளையின் தோல் படும் ஒவ்வோர் இடத்திலும் பஞ்சு வைத்துத் துணி சுற்றுங்கள், ஏனெனில் வைகாசி வெயிலில் அரை மணி நேரம் நின்ற இரும்பு குழந்தையின் தொடையில் கொப்புளம் எழுப்பிவிடும். எந்த இருக்கையாயினும் பிள்ளையை அமர்த்துமுன் உங்கள் புறங்கையை அதில் வைத்துப் பாருங்கள்.

பொருத்தும்போது இருக்கையின் நடுப்பகுதி பின் சில்லின் அச்சுக்கு நேர் மேலே அல்லது சற்று முன்னே வர வேண்டும். மிகவும் பின்தள்ளி இருந்தால் முன் சில்லு இலேசாகி ஹேண்டில் ஆடத் தொடங்கும். பழைய பெரிய சைக்கிள்களின் கரியர் அரிசி மூட்டையையே சுமக்கும் என்பது உண்மைதான். இருந்தும் அதை வண்டியோடு சேர்க்கும் நட்டுகள் அதிர்வில் தளர்ந்துவிடுவதுண்டு. ஒவ்வொரு நட்டுக்கும் மேல் இன்னொரு நட்டை இறுக்குங்கள். புதிய வகைச் சைக்கிள்களின் கரியரில் அது தாங்கும் எடை பொறிக்கப்பட்டிருந்தால், பிள்ளையின் எடையும் இருக்கையின் எடையும் சேர்ந்து அதற்குள் அடங்குகிறதா என்று பாருங்கள். பொருத்தி முடிந்ததும் இருக்கையின் முதுகைப் பிடித்துப் பலமாக ஆட்டுங்கள். முழுச் சைக்கிளும் அதோடு சேர்ந்து ஆட வேண்டும். இருக்கை மட்டும் தனியே ஆடினால் வேலை முடியவில்லை என்று பொருள்.

சில்லும் குதிகாலும்

சைக்கிளில் பின்னால் ஏற்றப்படும் சிறு பிள்ளைகளுக்கு நேரும் காயங்களில் அடிக்கடி காணப்படுவதும், பெற்றோர் குறைவாக எண்ணிப் பார்ப்பதும் சில்லுக் கம்பிகளுக்குள் கால் போவதுதான். தூங்கும் பிள்ளையின் கால் தளர்ந்து உள்ளே தொங்குகிறது. சுழலும் கம்பி அதைப் பிடித்து, சில்லுக்கும் சட்டத்துக்கும் நடுவே கொண்டுபோய் நெரிக்கிறது. குதிகாலின் தோல் உரிந்து, தசைநாண் அறுந்து, சில வேளைகளில் எலும்பும் முறிகிறது. ஓட்டுபவருக்கு ஏதோ கல் சிக்கியது போலத் தோன்றுவதால், இன்னும் அழுத்தி மிதித்துக் காயத்தைப் பெரிதாக்கிவிடுவதும் உண்டு.

ஆகையால் பின் சில்லின் மேற்பாதியையும், பிள்ளையின் கால் எட்டக்கூடிய தாழ்வு வரையும், இரு பக்கமும் மூடிவிடுங்கள். இதற்கென விற்கப்படும் மறைப்பு கிடைக்காவிட்டால், தடித்த பிளாஸ்டிக் தகட்டை அளவாக வெட்டி, மட்காட்டையும் அதன் கம்பிகளையும் ஆதாரமாகக் கொண்டு கட்டலாம். சுழலும் எந்தப் பகுதியோடும் அது உரசக் கூடாது. வலையாயின் அதன் கண்களுக்குள் சிறு விரல் நுழையக் கூடாது. மென்மையான நூல் வலை பயனற்றது, காலோடு சேர்ந்து அதுவும் உள்ளே இழுபடும். பாதத் தட்டின் வாரையும் ஒவ்வொரு முறையும் கட்டுங்கள். பிள்ளைக்குக் குதிகாலை மூடிய சப்பாத்து அணிவியுங்கள். செருப்பு கழன்று விழும், அதை எடுக்கப் பிள்ளை குனியும்.

இன்னுமோர் இடத்தைக் காட்ட வேண்டும். பழைய வகைச் சீட்டின் அடியில் இரண்டு சுருள் விற்கள் இருக்கின்றன அல்லவா? பின் இருக்கையில் இருக்கும் பிள்ளையின் கைக்கு நேரே இருப்பவை அவைதான். நீங்கள் குழியில் இறங்கும்போது வில் அமிழும், அதற்குள் வைத்திருந்த விரல் நசுங்கும். பழைய டியூபைக் கீறி எடுத்து அந்த விற்களைச் சுற்றிக் கட்டிவிட்டால் போதும்.

தலைக்கவசம்

மோட்டார் சைக்கிள் தலைக்கவசம் சிறு பிள்ளைக்கு ஆகாது. முகம் மூடும் கவசம் ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும். சிறுவர் சைக்கிள் கவசமோ முந்நூறு கிராம் அளவில்தான் இருக்கும். தையல் நாடாவால் பிள்ளையின் புருவத்துக்குச் சற்று மேலே தலையைச் சுற்றி அளந்து, அந்த அளவுக்குப் பொருந்துவதை வாங்குங்கள். வளர்ந்த பிறகும் போடலாம் என்று பெரிதாக வாங்கினால் விழும் கணத்தில் அது நகர்ந்து நெற்றியைத் திறந்துவிடும்.

கவசத்தின் முன் விளிம்பு புருவத்துக்கு மேல் இரண்டு விரல் அகலத்தில் நிற்க வேண்டும். பக்கப் பட்டிகள் காதைச் சுற்றி ஆங்கில வி எழுத்தைப் போல அமைந்து, காதுக்குக் கீழே சேர வேண்டும். நாடிக்கும் பட்டிக்கும் நடுவே ஒரு விரல் மட்டும் நுழையலாம். இருக்கையின் முதுகு கவசத்தின் பின்பகுதியைத் தள்ளி, பிள்ளையின் தலையைக் குனியச் செய்கிறதா என்பதையும் பாருங்கள். நேர்த்திக்காக முடி இறக்கினால், அதற்குப் பிறகு பட்டிகளை மீண்டும் சரிசெய்ய வேண்டும். அடர்ந்த முடியோடு பொருந்திய கவசம் மொட்டைத் தலையில் தளர்ந்து ஆடும்.

ஒரு முறை பலமாக அடிபட்ட கவசத்தின் உள்ளே உள்ள நுரை நசுங்கியிருக்கும். வெளியே வெடிப்புத் தெரியாவிட்டாலும் அது மீண்டும் பாதுகாப்புத் தராது. பட்டியை வெட்டிவிட்டு எறிந்துவிடுங்கள், வேறொருவர் எடுத்துத் தம் பிள்ளைக்குப் போட்டுவிடக் கூடாது. பிள்ளை வண்டியிலிருந்து இறங்கியதும் கவசத்தையும் கழற்றுங்கள். கவசத்தோடு ஊஞ்சலிலோ வேலியிலோ ஏறிய பிள்ளையின் கழுத்தை அதன் பட்டியே நெரித்துவிடக் கூடும்.

முதலில் அரிசிப் பை, பிறகு பிள்ளை

பின்னால் எடை ஏறியதும் சைக்கிள் வேறு வண்டியாகிவிடுகிறது. மெதுவாகச் செல்லும்போது அலைகிறது, நிறுத்துவதற்கு அதிக தூரம் எடுக்கிறது, உருட்டும்போது பின்பக்கமாக இழுக்கிறது. இந்தப் பழக்கத்தைப் பிள்ளையை வைத்துக்கொண்டு தேட வேண்டாம். பத்துக் கிலோ அரிசிப் பையை இருக்கையில் வைத்துப் பட்டியால் கட்டி, பாடசாலை மைதானத்திலோ ஆளில்லாத ஒழுங்கையிலோ ஓட்டிப் பாருங்கள். ஏறுதல், இறங்குதல், சடுதியாகப் பிரேக் பிடித்தல், வலப்பக்கம் திரும்பிப் பின்னே பார்த்தல் ஆகிய நான்கும் தடுமாற்றமின்றி வரும்வரை அரிசிப் பையே உங்கள் பயணி.

ஏறும் முறையில் ஒரு பெரிய ஆபத்து ஒளிந்திருக்கிறது. பார் வைத்த ஆண்கள் சைக்கிளில் நாம் காலைப் பின்பக்கமாக வீசித்தான் ஏறிப் பழகியிருக்கிறோம். பின் இருக்கையில் பிள்ளை இருக்கும்போது அந்தக் கால் நேராகப் பிள்ளையின் முகத்தில் படும். பார் தாழ்ந்த லேடீஸ் சைக்கிளே இந்த வேலைக்கு ஏற்றது. அது இல்லாவிட்டால் வண்டியைச் சரித்து, காலை முன்பக்கமாகப் பாருக்கு மேல் தூக்கி வைக்கப் பழகுங்கள். ஒருவர் வண்டியைப் பிடித்திருக்கட்டும்.

குழந்தை இருக்கைக் காயங்கள் பல, ஓடும்போது அல்ல, வண்டி நிற்கும்போதே நேர்கின்றன. ஒற்றைக்கால் ஸ்டாண்டில் சாய்த்து நிறுத்திய சைக்கிளில் பிள்ளையை இருத்திவிட்டு, படலையைப் பூட்டவோ பையை எடுக்கவோ திரும்பிய அந்தக் கணத்தில் மணல் தரையில் ஸ்டாண்ட் அமிழ்ந்து வண்டி சரிந்துவிடும். இரட்டைக்கால் ஸ்டாண்ட் பொருத்துங்கள், உறுதியான தரையில் நிறுத்துங்கள். அப்போதும் ஒரு கை வண்டியில் இருக்கட்டும். ஏற்றும்போது எல்லாப் பொருளும் ஏறிய பின் கடைசியாகப் பிள்ளை; இறக்கும்போது முதலாவதாகப் பிள்ளை. ஹேண்டிலில் சந்தைப் பையைத் தொங்கவிடாதீர்கள்.

புறப்படுமுன் இரு பிரேக்குகளையும் தனித்தனியே பிடித்துப் பாருங்கள், டயரை விரலால் அழுத்திக் காற்றைப் பாருங்கள், இருக்கையை ஆட்டிப் பாருங்கள்.

உடுப்பு, நகை, வெயில்

ஓட்டுபவரின் முந்தானை, சோல், அபாயாவின் ஓரம், சாரத்தின் நுனி ஆகியவை சில்லிலும் செயினிலும் சிக்கும்; அவற்றை இடுப்பில் செருகுங்கள், செயின் கவர் இல்லாத சைக்கிளைத் தவிருங்கள். பிள்ளையின் கழுத்துச் சங்கிலியும் கயிற்றில் கோத்த தாயத்தும் தலைக்கவசப் பட்டியின் கீழ் சிக்கித் தொண்டையை அழுத்தும். தண்டையும் கொலுசும் கம்பியில் மாட்டும். விழாவுக்குப் போவதாயினும் அவற்றைப் பைக்குள் வைத்துக் கொண்டுபோய் அங்கே அணிவியுங்கள்.

காலை ஒன்பது மணிக்கு முன்னும் மாலை நான்கரைக்குப் பின்னுமே பிள்ளையோடு செல்லத் தகுந்த நேரம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் காற்றே அனலாக இருப்பதால் மாலைப் பயணத்தையும் குறுக்கிக்கொள்ளுங்கள். நீங்கள் மிதிப்பதால் காற்று உங்கள் முகத்தில் படும். உங்கள் முதுகுக்குப் பின்னே அசையாமல் இருக்கும் பிள்ளைக்கு அந்தக் காற்று கிடையாது. வெயிலுக்காக இருக்கையைத் துவாயால் மூடினால் உள்ளே வெப்பம் தேங்கி இன்னும் கெடுதலாகும். மெல்லிய முழுக்கைப் பருத்திச் சட்டையே போதுமானது. இடையிடையே நிறுத்திப் பிள்ளையின் பிடரியில் கை வைத்துப் பாருங்கள். சுட்டால் நிழலில் இறக்கித் தாய்ப்பாலோ ஆறிய கொதிநீரோ கொடுங்கள்.

ஓடும்போது பிஸ்கட், முறுக்கு, கச்சான் கொட்டை எதுவும் பிள்ளையின் கையில் இருக்கக் கூடாது. குழியில் வண்டி குலுங்கும்போது அது மூச்சுக்குழாயில் அடைத்தால் முன்னால் இருக்கும் உங்களுக்குச் சத்தமே கேட்காது.

பிள்ளை தூங்கிவிட்டால் நிறுத்த வேண்டும். நாடி மார்பில் படியும்போது சிறு குழந்தையின் மூச்சு வழி ஒடுங்குகிறது, கழுத்தும் ஒவ்வொரு குலுக்கலையும் தனியே வாங்குகிறது. தூக்க நேரத்தைத் தவிர்த்துப் புறப்படுவதே நல்லது. முதல் சில பயணங்கள் பத்து நிமிடத்துக்குள் அடங்கட்டும். பழகிய பின்னும் அரை மணிக்கு ஒரு முறை பிள்ளையை இறக்கிக் கை கால் நீட்ட விடுங்கள்.

எந்த வீதியால் போவது

பொத்துவில், அக்கரைப்பற்று, கல்முனை, மட்டக்களப்பு ஆகிய ஊர்களை இணைக்கும் ஏ4 பிரதான வீதியில் பஸ்களும் லொறிகளும் டிப்பர்களும் ஓயாது ஓடுகின்றன. காத்தான்குடி, கல்முனை போன்ற நெருக்கமான கடைத்தெருக்களில் நிறுத்திய வாகனங்களின் கதவுகளும் திடீரெனத் திறக்கும். நம் ஊர்கள் கடலுக்கும் வாவிக்கும் நடுவே நீளவாக்கில் அமைந்திருப்பதால் பல இடங்களில் பிரதான வீதிக்கு ஒத்தாற்போல உள் வீதிகள் உண்டு. ஐந்து நிமிடம் கூடினாலும் பிள்ளையோடு செல்லும் நாளில் அந்த உள் வீதிகளால் போங்கள். முதலில் தனியே ஒருமுறை போய், எங்கே குழி, எங்கே கடிநாய், எங்கே மணல் என்று பார்த்து வையுங்கள். கடற்கரைப் பக்க ஒழுங்கைகளில் கொங்கிரீட்டின் மேல் படிந்த மெல்லிய மணலில் முன் சில்லு சடுதியாக வழுக்கும். அங்கே இறங்கி உருட்டுவதே மேல்.

கார்பெட் வீதியின் ஓரம் பல இடங்களில் மண் தரையைவிட உயர்ந்து நிற்கிறது. பின்னால் வரும் பஸ் ஹோர்ன் அடித்ததும் பதறி ஓரத்துக்கு இறங்குவதும், உடனே மீண்டும் ஏற முயல்வதும் சைக்கிள் விழுவதற்கான காரணங்களில் ஒன்று. ஓரத்திலிருந்து ஓரளவு உள்ளேயே ஓட்டுங்கள். இறங்க நேர்ந்தால் முழுதாக நிறுத்தி, வண்டியைத் தூக்கி வைத்து மீண்டும் தொடங்குங்கள். சந்தியில் வலப்பக்கம் திரும்ப வேண்டுமாயின் இறங்கிக் கடவுங்கள். ஏறாவூர், வாழைச்சேனைப் பக்கத்துப் புகையிரதக் கடவைகளில் தண்டவாளத்தை நேர்க்கோணத்தில் கடக்க வேண்டும்; சரிவாகச் சென்றால் டயர் இடுக்கில் மாட்டும். கல்லடிப் பாலத்தில் வாவிக் காற்று பக்கவாட்டில் தள்ளும்போது உயர்ந்த இருக்கை ஒரு பாயைப் போலக் காற்றைப் பிடிப்பதால், பலத்த காற்று நாளில் உருட்டியே செல்லுங்கள்.

அறுவடைக் காலத்தில் சம்மாந்துறைப் பக்கத்திலும் படுவான்கரையிலும் வீதியோரம் நெல் காய்கிறது. நெல்மணிகளின் மேல் பிரேக் பிடிக்காதீர்கள். மாரியில் வீதியை மூடிய வெள்ளத்துக்குள் பிள்ளையோடு இறங்கவே வேண்டாம். குழியும் மதகின் விளிம்பும் அதில் தெரியாது. மழையில் நனைந்த ரிம்மில் பிரேக் கட்டை பிடிப்பதற்கு வழமையைவிட அதிக தூரமும் எடுக்கும்.

நீர் உள்ள இடங்களுக்கு ஒரு விதி. குருக்கள்மடத்திலிருந்து அம்பிளாந்துறைக்கோ, குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கோ ‘பாதை’ எனப்படும் மிதவைப் படகில் வாவியைக் கடக்கும்போது, கரையிலேயே பிள்ளையை இருக்கையிலிருந்து இறக்கிக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். பட்டியால் கட்டிய பிள்ளையோடு சைக்கிள் நீரில் விழுந்தால் இரும்பு பிள்ளையையும் கீழே இழுத்துச் சென்றுவிடும். குளக்கட்டிலும் வாய்க்கால் கரையிலும் இதே காரணத்துக்காகப் பிள்ளையை ஏற்றி ஓட்ட வேண்டாம்.

மாலை ஆறு மணிக்குப் பிறகு மாடுகள் வீதியில் படுக்கத் தொடங்கும், வெளிச்சமும் விரைவாக மங்கும். அதற்குள் வீடு சேர்ந்துவிடுங்கள். தாமதமானால் முன்னே வெள்ளை விளக்கும் பின்னே சிவப்பு விளக்கும் எரிய வேண்டும். பின் இருக்கை பழைய சிவப்புக் கண்ணாடியை மறைத்துவிடுவதால் இருக்கையின் முதுகிலேயே இன்னொன்றைப் பொருத்துங்கள்.

விழ நேர்ந்தால்

முதலில் வீதியிலிருந்து விலகுங்கள். பிள்ளை மூச்சு விடுகிறதா, அழுகிறதா, கை கால் அசைக்கிறதா என்று பாருங்கள். மயங்கியிருந்தாலோ கழுத்தை அசைக்காமல் இருந்தாலோ குலுக்கித் தூக்க வேண்டாம். மூச்சுக்குத் தடையில்லாவிட்டால் கவசத்தையும் கழற்றாமல் தலையை அசையாது பிடித்தபடி 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் சேவைக்குக் கட்டணம் இல்லை.

உடனே அழுது, பால் குடித்து, வழமைபோல விளையாடும் பிள்ளையையும் ஒரு நாள் முழுவதும் கவனித்திருங்கள். திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பக் கடினமான தூக்கம், தேற்ற முடியாத அழுகை, வலிப்பு, காது மூக்கால் இரத்தமோ தெளிந்த நீரோ வடிதல், உச்சிக்குழி புடைத்தல், தலையில் மென்மையான பெரிய வீக்கம் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும், நேரத்தைப் பாராமல் அருகிலுள்ள ஆதார வைத்தியசாலைக்கோ மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ கொண்டுசெல்லுங்கள்.

கால் சில்லுக்குள் போயிருந்தால் இழுக்காதீர்கள். ஒருவர் பிள்ளையைத் தாங்கிப் பிடிக்க, மற்றவர் சில்லைப் பின்பக்கமாக மெதுவாகச் சுழற்ற வேண்டும். வராவிட்டால் குறட்டால் கம்பிகளை வெட்டுங்கள். சுத்தமான ஓடும் நீரில் கழுவி, சுத்தமான துணியால் மூடுங்கள். கோப்பித் தூள், மஞ்சள், எண்ணெய் எதுவும் பூசக் கூடாது. மேலே சிறு உராய்வாகத் தெரிந்தாலும் வைத்தியரிடம் காட்டியே ஆக வேண்டும், ஏனெனில் நெரிபட்ட தோலும் தசையும் இறந்துபோவது ஓரிரு நாள் கழித்துத்தான் வெளியே தெரியும். கீழே விழுந்தது என்று மட்டும் சொல்லாமல், சில்லுக் கம்பிக்குள் கால் சிக்கியது என்று வைத்தியரிடம் தெளிவாகக் கூறுங்கள். வீட்டுக்கு அனுப்பிய பின்னும் அடுத்த இரண்டு மூன்று நாட்களுக்குக் காயத்தைச் சுற்றிய தோல் கருக்கிறதா, விரல்கள் குளிர்கின்றனவா, பிள்ளை காலை ஊன்ற மறுக்கிறதா என்று பாருங்கள். அப்படியாயின் குறித்த கிளினிக் திகதிவரை காத்திராமல் அன்றே மீண்டும் கொண்டுபோங்கள்.